பலாமர வளைவில் நிற்கும் வண்டி

பக்ருதீனிடம் யாரும் சிரித்த முகத்தோடு வண்டியைக் கொண்டுவந்து விட்டதில்லை. பேகம்பூர்ப் பக்கம் ஒரு சந்தில், தகரம் போட்ட கொட்டகைதான் அவருடைய பட்டறை. புகை டெஸ்டில் தோற்றுப்போன பழைய வண்டிகள்தான் அங்கே வரும். எஃப்.சி.க்குத் தேதி நெருங்கியிருக்கும், புகைச் சான்று கிடைத்திருக்காது, காயலான் கடைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார். அந்தக் கட்டத்தில்தான் புகை பாய் என்று பேர் வாங்கிய அவர் ஞாபகம் வரும் ஊருக்கு. பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டி வருகிறவர்கள் மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய அத்தா தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்த வாடை பிடிக்காமல் பெட்ரோல் வாடைக்கு ஓடிவந்தவர் இவர். இரண்டில் எது தேவலை என்று மனைவி பாஸிலாவிடம் கேட்டால் பதில் வராது, ஒரு முறைப்புதான் வரும். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. பாஸிலா தையல் வேலை பார்ப்பவள். ஜாக்கெட், பாவாடை எல்லாம் தைப்பாள், மீதி நேரத்தில் தர்கா வாசல் கடைக்காரருக்குத் தாயத்து உறை தைத்துக் கொடுப்பாள். பச்சைத் துணியில் விரல் அகலத்துக்குச் சின்னச் சின்னப் பை. செம்புக் குழாயை அதற்குள் வைத்துக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கொடுப்பார் கடைக்காரர். இந்தப் பக்கம் தாயத்துக்கு மதம் ஏது? நத்தத்தில் இருந்தும் எரியோட்டில் இருந்தும் காட்டு வேலைக்காரர்கள் வந்து வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள்.

பக்ருதீனுக்கு ஒரு பழக்கம். வண்டிக்காரரிடம் என்ன கோளாறு என்று கேட்கவே மாட்டார். கேட்டால் ஆளாளுக்கு ஒரு கதை விடுவார்கள் என்பது அவர் அனுபவம். எங்கே நிற்குது என்று மட்டும்தான் கேட்பார். அப்புறம் இடது பக்கக் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்காருவார், இஞ்சினை ஓடவிடச் சொல்லுவார், கண்ணை மூடிக்கொள்வார். அரை மணி நேரம் ஆனாலும் திறக்க மாட்டார். "தூங்கித் தூங்கியே வண்டியச் சரி பண்ற மனுசன் உலகத்துலயே இவரு ஒருத்தருதான்" என்பாள் பாஸிலா.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் ஒரு வெள்ளை மாருதி வந்தது. பழசு, ஆனால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள். ஓட்டிவந்தது சுகன்யா என்கிற பெண். நத்தத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறவள். பின்சீட்டில் அவளுடைய அம்மா சின்னக்கண்ணு மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். முன்சீட்டில் ஆள் இல்லை. ஆள் இல்லாத அந்தச் சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டியிருந்தார்கள்.

"எங்கம்மா நிக்குது?" என்றார் பக்ருதீன்.

சுகன்யா வாயைத் திறக்குமுன் பின்னால் இருந்து பதில் வந்தது. "சிறுமலையில எங்க தோட்டம் இருக்கு பாய். அங்கருந்து மேட்டு ரோட்டுல ஏறுனா ஒத்தப் பலாமரத்து வளைவு. அங்கதேன் நிக்கும். அவரு அங்கதான இருக்காரு."

அவரு என்றது தோட்டத்துக் காவல்காரராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் பக்ருதீன். வழக்கம்போல இடது பக்கக் கதவைத் திறந்து பெல்ட்டைக் கழற்றக் கை வைத்தார்.

"அங்க உக்காராதீங்க பாய்" என்றார் சின்னக்கண்ணு. அதட்டலாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஆள் வருகிற இடத்தைக் காட்டிச் சொல்வோமே, அந்த மாதிரிதான் சொன்னார். பக்ருதீன் கையை எடுத்துவிட்டார். ஏன் எடுத்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்துதான் அன்றைக்குக் கண்ணை மூடினார்.

பாஸிலா அந்த அம்மாவை மோர் குடிக்க உள்ளே கூட்டிப் போனதும் சுகன்யா பட்டறை வாசலில் நின்றபடி விஷயத்தைச் சொன்னாள். போன தை மாதம் அப்பா நாச்சிமுத்துவுக்குத் தோட்டத்தில் வைத்து நெஞ்சு வலி வந்திருக்கிறது. மிளகு பறிக்கிற நேரம். தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது, மேட்டு ரோட்டில் ஏறினால்தான் மலையைவிட்டு இறங்குகிற பாதைக்கு வர முடியும். அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் மாட்டி இவள்தான் ஓட்டியிருக்கிறாள். பலாமர வளைவில் வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினாள், திருப்பினாள், திருப்பிக்கொண்டே இருந்தாள். இஞ்சின் உறுமியதே தவிரப் பிடிக்கவில்லை. அப்பாவின் மூச்சு ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறி, பக்கத்துச் சீட்டிலேயே அடங்கிப்போனது. அப்புறம் அவள் சாவியை விட்டுவிட்டு அழுதுகொண்டு கிடந்தாள். பின்னாலேயே ஓடிவந்த சித்தப்பா அவளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து ஒரு தடவை திருப்பினார். உடனே கிளம்பிவிட்டது.

"அன்னையில இருந்து நாந்தேன் அப்பாவக் கொன்னேன்னு பேரு" என்றாள் சுகன்யா. "சோக் கம்பிய இழுத்துப் பெட்ரோல அடைக்க விட்டுட்டேன், பதறிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. மாசாமாசம் அம்மாவ அங்க கூட்டிட்டுப் போறேன், ஒவ்வொரு தடவையும் அதே வளைவுல நிக்குது. டெஸ்ட் பாஸாகலேன்னா சித்தப்பா இத உடைக்கக் குடுத்துருவாரு. எனக்கு வண்டி வேணும்னு இல்ல பாய். அன்னைக்கி அது ஏன் நின்னுச்சுன்னு தெரியணும். என்னாலதானா, இல்லையா? உடைச்சுப் போட்டுட்டா அப்பறம் யாரு எனக்குச் சொல்லுவா?"

பக்ருதீனுக்கு இந்த மாதிரிக் கேள்வி பழக்கம் இல்லை. பார்க்கலாம்மா என்றார்.

கார்ப்ரேட்டரைக் கழற்றிப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருந்தது. வண்டி நிற்கிறது என்று போன இடத்திலெல்லாம், பெட்ரோல் பத்தவில்லை போல என்று ஆளாளுக்குப் பெட்ரோல் பீய்ச்சுகிற ஜெட்டின் ஓட்டையைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். கறுப்புப் புகைக்குக் காரணம் அதுதான். புது ஜெட் போட்டு, மிதவையைச் சரி பண்ணி, ஸ்க்ரூவைத் திருகித் திருகி, சாயங்காலத்துக்குள் இஞ்சினை மணியாக ஓடவைத்துவிட்டார். கொட்டகையில் அது ஓடிய அழகைப் பார்த்தால் இதற்கு ஒரு நோயும் கிடையாது என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

மறுநாள் நத்தம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் டெஸ்ட். அந்த பங்கின் வாசல் சற்று மேடு. டெஸ்ட் எடுக்கிற கீர்த்தனா என்கிற பெண் பக்ருதீனுக்குப் பழக்கம், அவர் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து, புகைக் குழாய்க்குள் டியூபைச் சொருகி, திரையைப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"நம்பர் நிக்க மாட்டேங்குது பாய். ஏறுது, எறங்குது."

பக்ருதீன் காதைக் கொடுத்தார். மணியாக ஓடிய இஞ்சின் இங்கே வந்து மெல்ல மேலே ஏறியது. உச்சியில் கொஞ்சம் நின்றது. அப்படியே தளர்ந்து, அவ்வளவுதான் அணைந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு இழுப்பு இழுத்து மறுபடி ஏறியது. திரையில் எண்களும் கூடவே ஏறி இறங்கின. அவர் முப்பது வருசமாகக் கேட்ட சத்தங்களில் இது இல்லை. ஓர் இஞ்சின் இப்படிக் கஷ்டப்படுவதை அவர் கேட்டதே இல்லை.

சுகன்யா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். "நிறுத்துங்க பாய்" என்றாள். "அப்பா கடைசியா மூச்சு விட்டது இப்படித்தேன்."

பின்சீட்டில் இருந்த சின்னக்கண்ணு மட்டும் அசையவில்லை. தெரிந்த பாட்டைக் கேட்பவரைப் போலத் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கீர்த்தனா டியூபைப் பிடுங்கிச் சுருட்டிவிட்டுத் துப்பட்டாவில் கையைத் துடைத்தாள். துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் துடைத்தாள்.

நிற்கிற இடத்தைப் பார்க்காமல் தீராது என்று தெரிந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு பக்ருதீனும் மலை ஏறினார். பாஸிலா கிளம்பும்போதே, "பேயோட்டவா போறீங்க?" என்று கேலி பண்ணினாள். பேயாக இருந்தால் திருகி அடைக்க ஒரு ஸ்க்ரூ இருக்காதா என்று இவரும் பதிலுக்குச் சிரித்துவிட்டுத்தான் போனார். மலைப்பாதை அத்தனை வளைவிலும் வண்டி சின்னச் சின்ன இருமலோடு ஏறிவிட்டது. நீண்ட மேடு என்று எதுவும் இல்லை, வளைவுக்கு வளைவு கொஞ்சம் சமதளம் வந்தது. நல்ல வெயில். வாழைத் தோட்டங்களுக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. தோட்டத்தில் இறங்கி வண்டியைத் திருப்பி, மேட்டு ரோட்டில் ஏற ஆரம்பித்தார்கள். இது ஒரே மூச்சில் ஏறுகிற மேடு. சுகன்யா ஓட்ட, பக்ருதீன் பின்சீட்டில் சின்னக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்சீட்டில் பெல்ட் மட்டும்.

பலாமரம் கண்ணில் பட்டதும் சுகன்யாவின் தோள் இறுகியது. இஞ்சின் ஒரு தடவை தளர்ந்தது, இழுத்தது, மறுபடி தளர்ந்தது, அணைந்தது. அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அவள் கை சாவிப் பக்கம் போகவே இல்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சின்னக்கண்ணு முன்னால் சாய்ந்து அந்தச் சீட்டின் முதுகில் கையை வைத்தார்.

"வந்துட்டோங்க" என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டார். "இல்ல, மழ பத்தல. மெளகுக் கொடி ரெண்டு பட்டுப்போச்சு." மறுபடி இடைவெளி. "ஆமா, அந்தக் கெழக்குப் பக்கம்தேன்."

பக்ருதீன் கிழக்குப் பக்கம் பார்க்கவில்லை. எங்கேயும் பார்க்கவில்லை. பேசுகிற பேச்சுக்கு நடுவே விழுகிற இடைவெளிதான் அவரை என்னவோ செய்தது. எதிராளி பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, சரியாக அவ்வளவு நேரம் அந்த அம்மா காத்திருந்தார். ஒவ்வொரு இடைவெளியிலும் தானும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பதைக் கவனித்தார். காலையில் பேயைக் கேலி பண்ணிச் சிரித்த மனுசன், பயம் வந்தால் ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை மனசுக்குள் ஓத ஆரம்பித்தார்.

"அவளா? ஓட்டிக்கிட்டுத்தேன் இருக்கா" என்றார் சின்னக்கண்ணு. இந்தத் தடவை இடைவெளி நீண்டது. "சரி விடுங்க. இன்னமும் அதையே சொல்லிக்கிட்டு." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நிதானமா இருந்திருந்தா அன்னைக்கே கெளம்பியிருக்கும்கிறாரு. எதுக்கு அம்புட்டு அவசரப்பட்டாங்கிறாரு. அவருக்கு இன்னும் மனசு ஆறலத்தா."

"ம்" என்றாள் சுகன்யா. அந்த ஒரு எழுத்தை அவள் சொன்ன விதத்தில், இது எத்தனையாவது தடவை என்று பக்ருதீனுக்குப் புரிந்துபோனது. ஒவ்வொரு மாதமும் இவளே ஓட்டிக்கொண்டு வந்து, இங்கே நிறுத்தி, செத்துப்போன அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு போகிறாள். அவருக்கு அந்த இடத்திலேயே கதவைத் திறந்து இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு இறங்கவும் மனசு வரவில்லை.

"பாய்" என்றார் சின்னக்கண்ணு, பார்வையை முன்சீட்டில் இருந்து எடுக்காமலே. "உங்க கையில ரத்தம் வருதாம். பாக்கச் சொல்றாரு."

பக்ருதீன் குனிந்து பார்த்தார். இடது கைப் பெருவிரலில் ஒரு வெட்டு. கதவோரத் தகரம் கிழித்திருக்க வேண்டும். வேட்டியில் ஒரு சொட்டு விழுந்திருந்தது.

"சரி, போலாம்னுட்டாரு. சாவியப் போடுத்தா" என்றார் அந்த அம்மா.

சுகன்யா திருப்பினாள். ஒரே திருப்பில் வண்டி கிளம்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி வளைவைத் தாண்டி ஏறியது.

வண்டியை அவரிடம் விட்டுவிட்டு அம்மாவும் மகளும் பஸ் ஏறினார்கள். இரண்டு நாள் பக்ருதீன் அதன் பக்கமே போகவில்லை. கொட்டகைக்குள் வேறு வேலை பார்க்கிறபோதும் அந்த முன்சீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை. பெல்ட்டைக் கழற்றி விட்டுவிடலாம் என்று ஒருமுறை போனவர் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மேட்டில் மட்டும்தான் நிற்கிறது, பங்க் வாசல் மேட்டில்தான் மூச்சு வாங்கியது, சமதளத்தில் ஒன்றும் இல்லை. பயத்தில் இருந்த மனுசனுக்கு இது புத்தியில் ஏற அந்த இரண்டு நாள் ஆனது. மேடு என்றால் பெட்ரோல் பின்னால் சாயும். பின்னால் இருப்பது டேங்க்.

மூன்றாம் நாள் மத்தியானம் பிஸ்மில்லா சொல்லி டேங்கை இறக்கினார். பெட்ரோலைத் துணி போட்டு வடித்துவிட்டு, காலி டேங்கைத் தூக்கிச் சாய்த்தார். உள்ளே எதுவோ மெத்தென்று உருண்டுபோய் ஒரு மூலையில் இடித்தது. நேரே வைத்தார். கை எடுத்த பிறகும் அது மெதுவாகத் திரும்பி நகர்ந்து இன்னொரு மூலைக்குப் போகிற சத்தம் கேட்டது. டேங்கின் மேல் மூடியைக் கழற்றிக் கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினார். கம்பியில் மாட்டிக்கொண்டு வந்தது ஒரு தாயத்து. குழாயின் வாயை அடைத்திருந்த மெழுகு முழுவதும் பெட்ரோலில் கரைந்துபோயிருந்தது. பச்சைத் துணி ஊறி, நார் நாராகப் பிரிந்து, செம்புக் குழாயைச் சுற்றிக் கொழகொழவென்று தொங்கியது. ஓரத் தையல் மட்டும் பிரியவில்லை. ஒவ்வொரு மூலையிலும் நூலை இரண்டு தடவை விட்டுச் சின்னதாகக் குறுக்கு முடி போட்டிருந்தது.

அந்த முடி அவருக்குப் பழக்கமான முடி. பாஸிலாவைக் கூப்பிட்டார்.

அவள் கையில் வாங்காமல் குனிந்து பார்த்தாள். "இது நான் தச்சது" என்றாள்.

பக்ருதீன் அவளுக்கு டேங்கைச் சாய்த்துக் காட்டினார். "மேட்டுல ஏறுறப்ப இது இப்படிப் பின்னால சரியும். பெட்ரோல் போற குழா வாய் இங்கதான் இருக்கு. அதுல போய் அப்பிக்கும். இஞ்சின் உறிய உறிய இன்னும் இறுக்கும். உறியிறது நின்னுட்டா, செத்த நேரத்துல தானா நழுவிடும்."

"அப்ப அந்தப் புள்ள சாவியத் திருப்பத் திருப்ப…"

"விட்டிருக்காது. திருப்புனா உறியத்தான செய்யும்? அவ கைய எடுத்து அழுதா பாரு, அந்த நேரத்துலதான் நழுவியிருக்கு. சித்தப்பன் வந்து உக்காந்து நல்ல பேரு வாங்கிட்டான்."

அந்த மலை வளைவில் நடந்த பேச்சு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதும் அவருக்கு இப்போது விளங்கிவிட்டது. துணி நழுவுகிற வரைக்கும். ஆனால் விளங்கியதால் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மூன்று நாளாகக் காலி சீட்டைப் பார்த்துப் பயந்தவருக்கு இப்போது தன் வீட்டுத் தையல் மிஷினைப் பார்த்துப் பயமாக இருந்தது.

யார் போட்டிருப்பார்கள் என்று இரண்டு பேரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை. "காப்பாத்தணும்னுதான் போட்டிருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள் பாஸிலா. உள்ளே போய், பாதி தைத்திருந்த உறைகளை எல்லாம் ஒரு பையில் அள்ளிப் போட்டுப் பரணில் வைத்தாள். அந்தப் பெண்ணிடம் காரணத்தைச் சொல்லிவிடுவது, அந்தப் பொருளைச் சொல்லாமல் விடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். பக்ருதீன் தாயத்தைப் பேப்பரில் சுற்றி ஸ்பானர்ப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

டேங்கைக் கழுவி மாட்டியதும் வண்டி முதல் தடவையிலேயே பாஸானது. கீர்த்தனா திரையைக் காட்டினாள், எண்கள் ஒரே இடத்தில் நின்றன. பங்க் ஓரத்தில் சுகன்யாவைத் தனியாக நிறுத்திப் பக்ருதீன் சொன்னார்: "டேங்குக்குள்ள குப்பை இருந்துச்சும்மா. மேட்டுல குழாய அடச்சுக்கிட்டுருக்கு. அன்னைக்கி நானே ஓட்டியிருந்தாலும் அது கெளம்பியிருக்காது."

"நான் சோக்க இழுத்தேனே பாய்."

"இழுத்தாலும் கெளம்பாது, இழுக்காட்டியும் கெளம்பாது."

அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார். அப்புறம் அவள் அழுத அழுகையைப் பார்த்து, காற்றடிக்க வந்தவர்கள்கூட வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். தன் வாழ்நாளில் இதைவிட நல்ல காரியம் எதுவும் செய்ததில்லை என்று பக்ருதீனுக்குத் தோன்றியது. அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டார். மூடி வைத்ததெல்லாம் மூடியபடியே கிடக்கும் என்று நம்புகிற ஆசைதான், வேறென்ன.

புரட்டாசியில் ஒரு நாள் உச்சி வெயிலில் சின்னக்கண்ணு தனியாக வந்து பட்டறை வாசலில் நின்றார். நத்தத்தில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தார். பாஸிலா நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அந்த அம்மா குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"வண்டி நிக்க மாட்டேங்குது பாய்" என்றார். "ரெண்டு தடவ போய்ட்டு வந்துட்டோம். பலாமரத்தத் தாண்டிப் போயிருது. நான் நிப்பாட்டச் சொல்லி உக்காந்து பாத்தேன். பேச்சு வல்ல. அவரு இல்ல."

பக்ருதீன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"குப்பைய எடுத்துட்டாரும்மாங்கிறா அவ. எனக்குத் தெரியும் நீங்க எத எடுத்தீங்கன்னு. நாந்தேன் போட்டேன். அது உள்ள இருந்த வரைக்கும் அவரு வண்டியோட இருந்தாரு. அதக் குடுங்க பாய், நான் திரும்பப் போட்டுக்கிறேன்."

பின்னால் பாஸிலா மூச்சை உள்ளிழுப்பது கேட்டது. அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அந்த வார்த்தை பக்ருதீன் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இந்த அம்மா இங்கிருந்து நேரே தர்கா வாசலுக்குத்தான் போகும். புதிதாக ஒன்று வாங்கும். அதுவும் டேங்குக்குள் போகும். அந்த மேட்டில் சுகன்யா ஓட்டிக்கொண்டு ஏறுவாள், நிற்பாள், மறுபடி "ம்" என்று கேட்டுக்கொள்வாள்.

"அத ஏம்மா அங்க போட்டீங்க?" என்றார்.

"வேற எங்க போட? கண்ணாடியில கட்டியிருந்தேன், அறுத்துக் கெணத்துல எறிஞ்சுட்டாரு. இதெல்லாம் நம்ப மாட்டாரு. கெட்ட கனவு வந்துச்சு பாய் எனக்கு, அவரு பாடையில போற மாதிரி. அவரு கண்ணுல படாத எடமாப் பாத்து, பெட்ரோல் மூடியத் தொறந்து உள்ள போட்டேன். அங்க இருந்தா அறுக்க முடியாதுல்ல."

"எப்பப் போட்டீங்க?"

"மார்கழி முடியிறப்ப. அவரு போனதுக்கு முந்தின வாரம்."

"அதுக்கு முன்னாடி அந்த மேட்டுல வண்டி நின்னிருக்கா?"

"எங்க நிக்கும்? வாரத்துக்கு ரெண்டு தடவ மூட்டை மூட்டையாக் காய ஏத்திக்கிட்டு அதே மேட்டுல வருவாரு. ஒரு நாகூட…"

சின்னக்கண்ணு பேச்சை நிறுத்தினார். வழக்கமாக விடுகிற இடைவெளி மாதிரித்தான் இருந்தது. பக்ருதீனும் பாஸிலாவும் காத்திருந்தார்கள். சந்தில் ஒரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அந்த அம்மாவின் கையில் டம்ளர் சாய்ந்து, மிச்சத் தண்ணீர் சேலையில் சிந்தியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"அது அடச்சிருச்சா பாய்?" என்றார். "நான் போட்டதா?"

பொய் சொல்வதற்கு அல்லா கொடுத்த கடைசிச் சந்தர்ப்பம் அது. "ஆமாம்மா" என்றார் பக்ருதீன்.

அந்த அம்மா அழவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். பாஸிலா வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, "அந்தப் பையத் தச்சது நான்தாங்கம்மா" என்றாள். அதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"மாசாமாசம் அவ கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாளே" என்றார் சின்னக்கண்ணு. "அப்ப அவள ஏசுனது யாரு?"

அவர் பையைத் துழாவி போனை எடுத்தார். கண் சரியாகத் தெரியாமல் பாஸிலாவிடம் நீட்டினார். பாஸிலா நம்பரைப் போட்டுக் காதில் வைத்துவிட்டாள். உரக்கடையில் கூட்டமாக இருந்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தாள் சுகன்யா.

"சாப்ட்டியாத்தா?" என்றார் சின்னக்கண்ணு. மறுமுனையில் என்னவோ கேட்டாள். "ஒண்ணுமில்ல, பாய் கடையில இருக்கேன்" என்றார். புறங்கையால் வாயைத் துடைத்தார்.

"கேளு. உங்கப்பா ஒன்னைய ஒண்ணுமே சொல்லலத்தா. ஒரு வார்த்த சொல்லல. அம்புட்டும் நாந்தேன் சொன்னேன்."